மல்டி டூல் வாங்கப்போறீங்களா? மெஷின் விலை இருக்கட்டும், பிளேடு விலையைக் கேட்டீங்களா?

மழைக்காலம் வந்தாலே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீடுகளில் ஒரு சத்தம் ஆரம்பித்துவிடும். ஈரத்தில் ஊதிப்போன கதவு, தரையில் உரசும் சத்தம். கதவின் அடியில் அரை சென்டிமீட்டர் அறுத்தால் போதும், பிரச்னை முடிந்தது. ஆனால், அந்த அரை சென்டிமீட்டருக்காக கார்பென்டர் வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பெட்ரோல் போட்டு, மெஷினைத் தூக்கிக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்து, பத்து நிமிட வேலைக்கு அவர் என்ன கூலி கேட்பார்? அரை நாள் கூலி கேட்டால் நாம் முகம் சுளிப்போம். நாம் கொடுக்க நினைப்பதை வாங்கினால் அவருக்குக் கட்டாது.

இந்த இடைவெளியில்தான் உங்கள் மொபைலில் அந்த ரீல்ஸ் வந்து நிற்கிறது. கைக்கு அடக்கமாக ஒரு மெஷின். முனையில் சின்னதாக ஒரு பிளேடு. கதவு, பைப், டைல்ஸ், ஆணி எல்லாவற்றையும் வெண்ணெய் மாதிரி வெட்டுகிறது. ‘ஆஸிலேட்டிங் மல்டி டூல், இன்று மட்டும் 60 சதவிகிதம் தள்ளுபடி’ என்கிறார்கள். கை தானாக ‘பை நவ்’ பட்டனுக்குப் போகிறது இல்லையா? ரெண்டு நிமிஷம் பொறுங்க. பேசிட்டு வாங்கலாம்.

மாவுக்கட்டிலிருந்து வந்த மெஷின்

கை, கால் உடைந்து மாவுக்கட்டு போட்டவர்களுக்கு இந்த மெஷினின் மூதாதையைத் தெரிந்திருக்கும். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கப் போனால், ‘டர்ர்ர்’ என்று ஒரு ரம்பத்தை ஆன் செய்வார்களே, அதுதான். அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1940-களில் இந்த வகை ரம்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் 1967-ல் தன்னுடைய மாவுக்கட்டு ரம்பத்தைக் கொண்டுவந்தது. 1895-லேயே மின்சார டிரில்லிங் மெஷினை உருவாக்கிய கம்பெனி அது. அதே நுட்பத்தைப் பின்னாளில் பட்டறைக்கும் வீட்டுக்குமான ‘மல்டிமாஸ்டர்’ ஆக மாற்றியதும் ஃபைன்தான்.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம். மோட்டார் வழக்கம்போலச் சுற்றுகிறது. ஆனால், பிளேடு சுற்றுவதில்லை. மையத்திலிருந்து கொஞ்சம் விலகிய ஒரு பேரிங், மோட்டாரின் சுழற்சியை இடவலமான அசைவாக மாற்றுகிறது. அந்த அசைவு மொத்தமே மூன்று டிகிரி அளவுதான். ஆனால், முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 20,000 முறை அசையும். அதாவது ஒரு நொடிக்கு 300 முறைக்கும் மேல். அதனால்தான் கண்ணுக்கு பிளேடு அசையாமல் நிற்பதுபோலவே தெரிகிறது.

சுற்றாத பிளேடு என்பதுதான் இதன் பெரிய பலம். வட்ட பிளேடு உள்ள மெஷின் மரத்தில் சிக்கினால், கையைத் தூக்கி அடிக்கும். இது அப்படி உதறாது. சுவரை ஒட்டி, மூலையில், தரையோடு தரையாக என மற்ற ரம்பங்கள் நுழைய முடியாத இடத்திலும் இது நுழையும்.

எதுக்கு உதவும்? எதுக்கு உதவாது?

நம் ஊர் வீடுகளில் இதற்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. நிலைக்கால் அடியில் இற்றுப்போன பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பழைய பிவிசி பைப்பை, சுவரோடு ஒட்ட அறுக்கலாம். கிச்சன் ப்ளைவுட்டில் வயர் போக, ஸ்விட்ச் பாக்ஸ் வைக்கச் சதுரமாக ஓட்டை போடலாம். துருப்பிடித்து தலை தேய்ந்த ஸ்க்ரூவை அறுத்துவிடலாம். டைல்ஸ் இடுக்கில் கறுத்துப்போன கிரவுட்டைச் சுரண்டலாம். சிங்க் ஓரத்தில் பூஞ்சை பிடித்த சிலிக்கானை வழிக்கலாம். முக்கோண பேடு மாட்டினால், ஜன்னல் மூலையில் உப்புத்தாள் தேய்க்கலாம்.

உதவாத வேலைகளையும் சொல்லிவிடுவோம். வயரிங்குக்கு செங்கல் சுவரைக் காடி எடுக்க இது சரிப்படாது. கான்கிரீட்டுக்கு அறவே ஆகாது. ஏ.சி பைப் போக சுவரில் துளை வேண்டுமா? அதற்கு வேறு மெஷின். முழு ப்ளைவுட் ஷீட்டை நீளமாக, நேராக அறுக்க நினைத்தால் பொழுது போய்விடும், கோடும் கோணலாகும். ஜன்னல் கிரில் கம்பியை அறுக்கலாமா என்றால், அறுக்கலாம். ஒரு கம்பிக்கு ஒரு பிளேடு பலியானாலும் ஆச்சர்யமில்லை. வீட்டில் ஒரு மெஷின்கூட இல்லாதவர் முதலில் வாங்கவேண்டியது டிரில்லிங் மெஷின். மல்டி டூல் எப்போதும் இரண்டாவது.

திடீர்னு ஏன் இவ்வளவு சீப்?

இது ஒரு காலத்தில் பணக்கார மெஷின். ஃபைன் நிறுவனத்தின் முக்கியக் காப்புரிமை 2008-ல் முடிந்தது. அதுவரை ஏறக்குறைய ஒரே கம்பெனியின் கையில் இருந்த பொருளில், அடுத்த சில ஆண்டுகளுக்குள் பாஷ், ட்ரெமெல், ராக்வெல் என்று வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். பிறகு சீனத் தொழிற்சாலைகள் இறங்கின. இன்று பெயர் தெரியாத பிராண்டுகள் மூவாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கின்றன. பெயர் தெரிந்த பிராண்டின் தொழில்முறை மாடல் பத்தாயிரம் ரூபாயைத் தொடுகிறது. ரெண்டுமே 300 வாட்ஸ்தான்!

இங்கேதான் மண்ணூர்பேட்டைக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டிய விஷயம் இருக்கிறது. எம்.டி.எச் ரோட்டில் பாடியைத் தாண்டினால் மண்ணூர்பேட்டை. அந்தப் பக்கம் டி.வி.எஸ் குழுமத்தின் பழைய ஆலைகள். இந்தப் பக்கம் 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், மில்லிங், பிரஸ், பிளாஸ்டிக் மோல்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இருக்கும் இடம். இங்குள்ள உற்பத்தியாளர்கள் சங்கமான ‘அய்மா’ நந்தம்பாக்கத்தில் நடத்தும் ‘ஆக்மீ’ கண்காட்சிக்கு, மெஷின் பார்க்க நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மல்டி டூலைப் பிரித்துப்போட்டால் உள்ளே இருப்பது ஒரு ஷாஃப்ட், சில பேரிங், ஒரு ஆர்மேச்சர், ஒரு பிளாஸ்டிக் கூடு. இதில் எதுவுமே இந்த ஏரியாவுக்குப் புதிதல்ல. ஆனாலும், இந்தத் தெருவில் டெலிவரி ஆகும் விலை குறைந்த மல்டி டூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ‘சீனாவில் தயாரிக்கப்பட்டது’ என்றுதான் இருக்கும்.

இது அம்பத்தூரின் பிரச்னை மட்டுமல்ல. கைக்கருவிகள், மின்கருவிகள் துறை பற்றி நிதி ஆயோக் 2025 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகக் கருவிகள் வர்த்தகம் சுமார் 100 பில்லியன் டாலர். அதில் கைக்கருவிகளில் இந்தியாவின் பங்கு 1.8 சதவிகிதம். மின்கருவிகளில் வெறும் 0.7 சதவிகிதம். சீனாவின் கையில் முறையே 50 சதவிகிதமும் 40 சதவிகிதமும் இருக்கின்றன. ஸ்பேனர், பிளையர் செய்ய ஜலந்தர், லூதியானா, நாகௌர் என்று நமக்கு ஊர்கள் இருக்கின்றன. மோட்டார் வைத்த கருவி என்று வந்தால்தான் சறுக்குகிறோம்.

ஏன்? சீனாவைவிட நமக்கு 14 முதல் 17 சதவிகிதம் வரை செலவு அதிகமாகிறது என்கிறது அதே அறிக்கை. ஸ்டீல், பிளாஸ்டிக், மோட்டார் போன்ற மூலப்பொருள்கள் விலை அதிகம். கடன் வட்டி அதிகம். உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கைக் கொண்டுபோகும் செலவும் அதிகம். சிறு தொழிற்கூடங்களுக்கு இதற்குமேல் இன்னொரு அடியும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்து மெஷின்கள் மூழ்கியதை இந்த ஏரியாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் 25 பில்லியன் டாலர் ஏற்றுமதி, 35 லட்சம் வேலைகள் என்பது நிதி ஆயோக் காட்டும் இலக்கு. வரட்டும், சந்தோஷம்தான். ஆனால், உங்கள் கதவு இந்த மழைக்கே உரசுகிறதே!

அஃபோர்டபிள்னா எவ்வளவு?

மல்டி டூல் விஷயத்தில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். இது பிரின்டர் மாதிரி. மெஷின் ஒருமுறைச் செலவு. பிளேடு தொடர் செலவு.

பிளேடு நீளம் சில சென்டிமீட்டர்தான். எல்லா வேலையையும் அந்தச் சில பற்களே செய்கின்றன. ப்ளைவுட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஆணி போதும், சாதாரண மர பிளேடு மழுங்கிவிடும். ஒரு கணக்குக்கு, ஒரு நல்ல பிளேடு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு பிளேடு தேய்ந்தால் 3,200 ரூபாய். மெஷின் விலை அங்கேயே வந்துவிட்டது! அதனால் பிளேடு வகைகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

கார்பன் ஸ்டீல் பிளேடு, சுத்தமான மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் மட்டும். விலை குறைவு. ‘பை-மெட்டல்’ பிளேடு, ஆணி இருக்கக்கூடிய மரம், பிவிசி, மெல்லிய தகடு எல்லாவற்றுக்கும். வீட்டுக்கு ஒரே வகை வாங்குவதென்றால் இதுதான். கார்பைடு பற்கள் கொண்டது, கடினமான ஸ்க்ரூவுக்கு. கார்பைடு பொடி ஒட்டிய அரைவட்ட பிளேடு, டைல்ஸ் கிரவுட்டுக்கு. ‘66 பிளேடு இலவசம்’ என்று வரும் மெகா பேக்கில் பெரும்பாலும் எது இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. முதல் வகைதான்.

அடுத்து, பிளேடு மாட்டும் இடம். இதைக் கவனிக்காமல் வாங்கினால் பிறகு தலைவலி. பாஷும் ஃபைனும் சேர்ந்து 2016-ல் ‘ஸ்டார்லாக்’ என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தன. ஸ்டார்லாக் மெஷினில் ஸ்டார்லாக் பிளேடு மட்டுமே ஏறும். பிடிமானம் பிரமாதம், பிளேடு விலையும் அதற்கேற்ப இருக்கும். விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலும் ‘யுனிவர்சல்’ பிளேடு ஏறும். அது எந்த ஆன்லைன் கடையிலும் கிடைக்கும். இரண்டுமே இல்லாமல், கம்பெனி தன் பிளேடை மட்டும் விற்கும் தனி அமைப்பு என்றால், அந்தப் பக்கமே போகாதீர்கள். நாளை அந்த பிராண்டு காணாமல்போனால், உங்கள் மெஷின் பேப்பர் வெயிட்டாகிவிடும்.

மூன்றாவது, பேட்டரி. ‘48 வோல்ட்’, ‘88 வோல்ட்’ என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். இந்த அளவு கருவியில் வழக்கமாக இருப்பது வரிசையாக ஐந்து லித்தியம் செல். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2 வோல்ட். ஐந்தால் பெருக்குங்கள்: 18 அல்லது 21. ஒரு கம்பெனி 18 என்று எழுதுவதும் இன்னொரு கம்பெனி 21 என்று எழுதுவதும் ஒரே பேட்டரியைத்தான். அதே சைஸ் பேட்டரியில் 88 என்று எழுதியிருந்தால் அது ஸ்டிக்கர், வோல்ட் அல்ல.

மாதத்துக்கு ஒருமுறை, வீட்டுக்குள் மட்டுமே வேலை என்பவருக்கு பேட்டரியே தேவையில்லை. வயர் வைத்த 300 வாட்ஸ் மெஷின் போதும். சும்மா கிடந்தே செத்துப்போகும் பேட்டரிச் செலவு மிச்சம். ஏற்கெனவே ஒரு பிராண்டின் பேட்டரி டிரில்லிங் மெஷின் வைத்திருந்தால் கதை வேறு. அதே பேட்டரி பொருந்தும் மல்டி டூலை, பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினாக வாங்கிக்கொள்ளலாம்.

தோலை வெட்டாதுனு நம்பாதீங்க

‘இந்த மெஷின் விரல்ல பட்டாலும் வெட்டாது’ என்று சிலர் வீடியோவில் விரலை வைத்துக் காட்டுகிறார்கள். இது மாவுக்கட்டு ரம்பத்தின் கதை. அந்த ரம்பத்தின் அசைவுக்கு இறுகிய மாவு நகராது, அதனால் வெட்டுப்படும். தோல் நெகிழ்ந்து கூடவே அசையும், அதனால் தப்பிக்கும். அதுவும் பயிற்சி உள்ளவர் கையில். மரம் அறுக்கும் பிளேடின் கூரான பற்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. விரலைக் கிழித்துவிடும். தயவுசெய்து வீட்டில் டெமோ காட்டாதீர்கள்.

ஆனாலும், ஒரு விஷயத்தில் இது மேல். ஆங்கிள் கிரைண்டர் இதைவிட விலை குறைவு என்பதால், அதையே வாங்கி மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நிமிடத்துக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் சுற்றும் மெஷினில் பல் பிளேடு சிக்கினால், அது எந்தத் திசையில் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. கை, கழுத்து, தொடை என ரத்தக்குழாய் ஓடும் இடங்கள்தான் அதன் பாதையில் இருக்கும். ரெண்டாயிரம் மிச்சம் பிடிக்க எடுக்கிற ரிஸ்க்கா அது? வீட்டில் மரம், ப்ளைவுட் வெட்டத்தான் மெஷின் என்றால், கிரைண்டரைவிட மல்டி டூலே பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, தூசி. டைல்ஸ், கிரவுட், சிமென்ட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் பாதிக்கும். கர்சீப் கட்டினால் போதாது, என்95 மாஸ்க் வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். முக்கியமாக, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளிலும் ஷெட்டுகளிலும் இன்னும் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இந்த மெஷினை வைக்கவே கூடாது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டி.டி.ஹெச் வயர் போக ஒரு சின்ன ஓட்டைதானே என்று நினைத்தால்கூட வேண்டாம்.

கரன்ட் விஷயமும் உண்டு. சுவரிலோ, சுவரில் பதித்த ப்ளைவுட்டிலோ பிளேடை இறக்கும் முன், அந்த அறையின் எம்.சி.பி-யை அணைத்துவிட்டு, வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுங்கள். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் வயர் ஓடும் என்பதை மறக்காதீர்கள். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி இல்லையென்றால், மல்டி டூலுக்கு முன் அதை வாங்குங்கள். மெஷினுக்கு மூன்றாவது பின் இல்லையே என்று பயப்படவேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால், அது இரட்டை இன்சுலேஷன் மெஷின்.

பில் இல்லாத சலுகை, சலுகையே இல்லை

ஆன்லைனில் வாங்கும்போது, பொருள் எந்த நாட்டில் தயாரானது என்பதைப் பக்கத்திலேயே காட்டவேண்டும். 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே போகவேண்டுமானால், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. ஆனால், இதற்கெல்லாம் கையில் ஜி.எஸ்.டி பில் வேண்டும். ‘பில் இல்லாம 300 ரூபா கம்மி’ என்றால், நீங்கள் விற்றது உங்கள் வாரன்டியை.

வாரன்டி அட்டையையும் படியுங்கள். கார்பன் பிரஷ், பிளேடு, பேட்டரி ஆகியவற்றை விலக்கிவைத்திருக்கிறார்களா, சர்வீஸ் சென்டர் சென்னையில் இருக்கிறதா என்று பாருங்கள். மெஷினின் பக்கவாட்டில், ஸ்க்ரூ டிரைவரால் திறக்கும் கார்பன் பிரஷ் மூடி இருந்தால் நல்லது. பிரஷ் தேய்ந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். மோட்டார் போனால், மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டுப் பார்க்கலாம். மெஷினைச் செய்யாத ஊர் என்றாலும், மெஷினைப் பிழைக்கவைக்கத் தெரிந்த ஊர் இது. பிழைக்கவே இல்லையென்றால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். 2022 மின்னணுக் கழிவு விதிகளில் மின்கருவிகளும் வருகின்றன.

சரி, வாங்கலாமா வேண்டாமா?

ஒரு பேப்பர் எடுங்கள். கடந்த ஒரு வருடத்தில் வீட்டில் தள்ளிப்போட்ட வேலைகளை எழுதுங்கள். அதில் மேலே சொன்ன ‘உதவும்’ பட்டியலில் எத்தனை வருகின்றன என்று எண்ணுங்கள்.

ஒன்றே ஒன்றுதானா? வாங்காதீர்கள். தெரிந்த கார்பென்டரிடம், பக்கத்துத் தெருவுக்கு வரும் நாளில் எட்டிப் பார்க்கச் சொல்லி, அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். அது மெஷினைவிட மலிவு, வேலையும் சுத்தம். வாடகை வீடு என்றால் நிலையிலும் டைல்ஸிலும் கை வைக்கும் முன் ஹவுஸ் ஓனரிடம் ஒரு வார்த்தை. அட்வான்ஸில் பிடித்தால் எந்தத் தள்ளுபடியும் அதை ஈடுகட்டாது.

ரெண்டு, மூணு வேலை என்றால், தனியாக வாங்காமல் சேர்ந்து வாங்கலாம். எட்டு வீடு இருக்கும் அபார்ட்மென்ட்டில் எட்டு மல்டி டூல் எதற்கு? மெஷின் பொது, பிளேடு அவரவர் சொந்தம் என்று வைத்துக்கொண்டால் சண்டையும் வராது.

நாலு, அஞ்சு வேலைக்கு மேல் என்றால் தாராளமாக வாங்குங்கள். வயர் உள்ள 300 வாட்ஸ், வேகம் கூட்டிக் குறைக்கும் சக்கரம், யுனிவர்சல் அல்லது ஸ்டார்லாக் அமைப்பு, சென்னையில் சர்வீஸ், கையில் பில். இந்த ஐந்தும் இருந்தால் பிராண்டு இரண்டாம்பட்சம். கையில் ஐயாயிரம் இருந்தால் ஐயாயிரத்துக்கும் மெஷின் வாங்காதீர்கள். மூவாயிரத்து ஐந்நூறுக்குள் மெஷினை முடித்துவிட்டு, மீதியில் ரெண்டு பை-மெட்டல் பிளேடு, ஒரு கிரவுட் பிளேடு, கண்ணாடி, காதடைப்பான், என்95 மாஸ்க் வாங்குங்கள்.

முதல் நாளே கதவில் கை வைக்காமல், வீணாகக் கிடக்கும் ஒரு ப்ளைவுட் துண்டில் பழகுங்கள். அழுத்தாதீர்கள். பிளேடை மெல்ல இடவலமாக நகர்த்தினால் தூள் வெளியேறும், சூடு குறையும். புகை வந்தால் மெஷினுக்கு வலு பத்தவில்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, பிளேடை வெளியே எடுத்து, ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தொடருங்கள். 400 ரூபாய் பிளேடு எத்தனை கதவுக்கு வரும் என்பதைத் தீர்மானிப்பது பிராண்டு அல்ல, உங்கள் கை.